மாமன் மடியும் ஒரு பால்பல்லும்

"அண்ணா, கடை போட்டது போட்டபடி கெடக்கட்டு. நீ ஒடனே வா. பிள்ளை வாயத் தொறக்க மாட்டேங்கா. மாமன் மடியில வெச்சாத்தான் நடக்கும்."

தங்கை சுபாவின் குரலுக்குப் பின்னால் போனில் ஒரு அழுகை கேட்டது. வாயை மூடிக்கொண்டு அழுகிற அழுகை. வாய்விட்டு அழுகிற பிள்ளையைத் தேற்றிவிடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் அழுகிற பிள்ளையை எப்படித் தேற்ற?

எங்கள் பலகாரக் கடையைப் பற்றி இந்தப் பக்கங்களில் முன்பே நிறைய அளந்திருக்கிறேன். அன்றைக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால்தான் நின்றிருந்தேன். சீவி விழுந்த நேந்திரங்காய் மேலே மிதக்கத் தொடங்கியிருந்தது. அரிகரண்டியைக் கடைப்பையனிடம் கொடுத்துவிட்டு, எண்ணெய் படிந்த சட்டையோடு வண்டியை எடுத்தேன்.

நாகர்கோவிலில் மாடியில் இருக்கிற பல் ஆஸ்பத்திரி அது. குழந்தைகளுக்குப் பல் பார்க்கவென்றே தனியாகப் படித்த டாக்டரம்மா. சுவரெல்லாம் முயலும் மீனும். பெஞ்சின் ஓரத்தில் என் மருமகள் ஆதிரா, அப்போது அவளுக்கு ஐந்து வயது, ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு பக்கக் கன்னம் வீங்கி, தோல் இழுபட்டு மினுங்கியது. அந்தப் பக்கத்துக் கண் பாதிதான் தெரிந்தது.

என்னைக் கண்டால் எங்கே இருந்தாலும் ஓடி வருகிற பிள்ளை. மாமன் வந்தால் பொட்டலம் வரும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு என்னைப் பார்த்ததும் அந்த ஒன்றரைக் கண்ணும் விரிந்தது. மூக்கால் ஒரு அலறல். கம்பியை விட்டுவிட்டு பெஞ்சுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள்.

"பாத்தியா, ஒன்னக் கண்டதும் இன்னும் கூடுது" என்றாள் சுபா. அவளே அழைத்துவிட்டு அவளே குற்றமும் சொன்னாள்.

விழப்போற பல்லு

கடைவாயில் ஒரு கறுப்புப் புள்ளி. அப்படித்தான் தொடங்கியது. சுபா வாழ்க்கைப்பட்டது சுசீந்திரத்தில். அந்தத் தெருவே ஆதிராவின் வாயைப் பார்த்து ஒரே தீர்ப்பைச் சொன்னது. "பால்பல்லுதான பிள்ளே, தன்னால விழுந்துரும். இதுக்குப் போயி ஆராவது ஆஸ்பத்திரிக்குப் போவாளா?"

நானும் அதைத்தான் நினைத்தேன். விழப்போகிற பல்லுக்கு வைத்தியம் பார்ப்பது இடிக்கப்போகிற வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி என்று கடையில் வைத்து ஒருவரிடம் சொல்லி, அவரும் சிரித்தார்.

பிறகு இரவில் கடுப்பு வந்தது. கிராம்புத் தைலம் வைத்தார்கள். கடுப்பு போனது, வந்தது. அன்று காலையில் பிள்ளை எழுந்தபோது கன்னம் வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி, கன்னத்தில் ஒத்தடம் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் எதற்கும் முதலில் உப்பு ஒத்தடம்தான். சுளுக்குக்கு அது, வாயுப்பிடிப்புக்கு அது, வண்டியில் இருந்து விழுந்தாலும் அது.

டாக்டரம்மா கருங்கல் ஊர்ப் பக்கத்துக்காரி. பேச்சு அந்தப் பக்கத்து ராகத்தில் இழுத்துக்கொண்டு வரும். கேட்கிற கேள்வி மட்டும் இழுக்காது.

"சூடு வெச்சியளா?"

"உப்பு ஒத்தடம்" என்றாள் சுபா.

டாக்டரம்மா ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள். "காலு சுளுக்கினா வையுங்க. பல்லுக்கடியில சீழு இருக்கும்போ மொகத்துல சூடு வைக்கப்பிடாது. வீக்கம் இன்னும் பரவும். ராத்திரி பாட்டில வாயில வெச்சிட்டே ஒறங்குமா?"

"போன ஓணத்தோட நிறுத்தியாச்சு."

"நாலு வயசு வரைக்கும். சீனி போட்டா?"

"கொஞ்சம்போல."

"பாட்டில வாயில வெச்சிட்டு ஒறங்கினா, பல்லு ராவு முழுக்கச் சீனிப்பால்ல ஊறிக் கெடக்கும். படுக்கதுக்கு மின்ன ஆராவது பல்லு தேச்சு விடுவியளா?"

"காலையில அவளே தேய்ப்பா."

"இந்த வயசுல அவளே தேய்ச்சா பேஸ்ட்டத் திம்பா, பல்லத் தேய்க்க மாட்டா. பெரியவங்க பிடிச்சுத் தேச்சு விடணும். இனிப்பு நெறைய திம்பாளா?"

சுபா திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் என்னைப் பார்த்தாள். என் சட்டையில் இருந்து எண்ணெயும் சர்க்கரைப் பாகும் மணத்துக்கொண்டிருந்தது.

"ஓ, நீங்களா" என்றாள்.

கண்ணுப்பக்கம் ஏறுது

எங்கள் இரண்டு பேரையும் உள்ளே அழைத்துக் குரலைத் தாழ்த்தினாள். ஆதிரா பெஞ்சுக்கு அடியிலேயே இருந்தாள். கதவு இடுக்கில் அவள் கால் மட்டும் தெரிந்தது.

"பால்பல்லுக்கும் வேரு உண்டு, நரம்பு உண்டு. சொத்தை அங்க எறங்கிச் சீழு கட்டியாச்சு. மேல்பல்லாக்கும், அதான் வீக்கம் கண்ணுப்பக்கம் ஏறுது. காய்ச்சலும் இருக்கு. பல்ல எடுத்துச் சீழ வடியவிட்டா இன்னைக்கே எறங்கத் தொடங்கும். மருந்து மட்டும் தந்து அனுப்ப எனக்குப் பயமா இருக்கு."

"பிள்ளை சம்மதிக்கலேன்னா?" என்றேன்.

"சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அதுக்குமேல தள்ளப்பிடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாறேன். அங்க சேத்து, மயக்கம் குடுத்து எடுப்பாவ."

மயக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் சுபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் பிடிச்சிக்கிட்டா?" என்றேன்.

"பிடிச்சு எடுக்க எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? இன்னைக்குப் பல்லு வந்துரும். அதுக்குப் பொறவு இந்தப் பிள்ளை ஆயுசுக்கும் ஒரு பல்லு டாக்டர் வாசல்ல ஏறாது. எல்லா வழியும் அடைஞ்சா அது. இப்பம் இல்ல."

மஸ்கட்டில் இருந்து சுபாவின் வீட்டுக்காரர் போனில் வந்தார். வேலை இடத்தில் நின்று பேசுகிறார், பின்னால் இரும்பு விழுகிற சத்தம். மயக்கம் என்று சொன்னதும் அந்தச் சத்தத்தை விட்டு விலகி வந்தார். பிறகு கேட்டார்: "அத்தான், நீங்க மடியில வெச்சுப் பாத்தியளா?"

கடல் தாண்டியும் அதே மடிதான்.

ஒரு எறும்பு

கொஞ்சம் இடையில் பேசிக்கொள்கிறேன். எங்கள் ஊரில் வலிக்கப்போகிற எந்தக் காரியத்துக்கும் முன்னால் ஒரு எறும்பு வந்து நிற்கும். "ஒண்ணுமில்ல, எறும்பு கடிக்க மாதிரித்தான்." ஊசி போடுகிற நர்ஸ் சொல்வாள். முள் எடுக்கிறவர் சொல்வார். எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டவனிடம்கூட இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த எறும்பை எவர் வளர்த்து ஊருக்குள் விட்டாரோ தெரியாது, பிள்ளைகளிடம் பொய் சொல்ல எங்களுக்கு இவ்வளவு நன்றாக உதவிய பிராணி வேறில்லை.

அன்றும் சுபா பெஞ்சுக்கு முன்னால் முட்டுக்குத்தி இருந்து அதைத்தான் சொன்னாள். "ஊசி எறும்பு கடிக்க மாதிரித்தான் மக்கா. அம்மை சொல்லுகேன்லா."

பெஞ்சுக்கு அடியில் இருந்து பல்லிடுக்கு வழியாக ஒரு குரல் வந்தது. "எறும்பு கடிச்சா வலிக்கும்லா."

உண்மைதானே. அவர்கள் வீட்டு மாமரத்தில் முசுறு எறும்பு உண்டு. அது கடித்தால் பெரிய ஆளே குதிப்பான். பிள்ளைக்கு அது தெரியும். சொல்கிற எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

அது ஏன் மாமன் மடி

ஆதிராவுக்கு மொட்டையும் காதுகுத்தும் ஒரு வயதிலேயே முடிந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. வருஷம் தள்ளித் தள்ளி, அவள் நாலு வயதில் ஓடியாடிப் பேசுகிற பிள்ளையான பிறகு, சாஸ்தா கோயிலில் ஒரே காலையில் இரண்டையும் நடத்தினோம்.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் இரண்டும். அது எனக்குப் பெருமை. புதுவேட்டி, தோளில் துண்டு, மடியில் பட்டுப்பாவாடை கட்டிய மருமகள். கத்தி தலையில் பட்டதும் திமிறினாள். தண்ணீரும் முடியுமாக என் வேட்டி நனைந்தது. கையையும் காலையும் அமர்த்திப் பிடித்துக்கொண்டேன். தலை துவட்டிச் சந்தனம் பூசி, அழுகை நின்று, கையில் எங்கள் கடை முந்திரிக்கொத்து ஒன்றும் கொடுத்துச் சிரிக்க வைத்து, மறுபடியும் அதே மடியில் உட்கார வைத்தோம். ஆசாரி ஊசியை எடுத்தார். கூட்டம் ஒரே குரலில் எறும்பைப் பற்றிச் சொன்னது.

படங்களில் எல்லோரும் சிரிக்கிறோம். அவள் வாய் மட்டும் திறந்து, கண் இறுகி மூடியிருக்கிறது. ஊருக்கு அது நல்ல காரியம். நாங்கள் யாருமே அந்தக் காலையை அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து பார்க்கவில்லை.

காதில் சொன்னது

மணி நாலைத் தாண்டியது. டாக்டரம்மா மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வந்து வந்து எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் முதலில் ஆதிராவின் கண்ணைத்தான் பார்த்தாள். கன்னத்தில் இருந்த மினுக்கம் கண்ணுக்குக் கீழே வந்திருந்தது.

நான் குனிந்து கையை நீட்டினேன். "வா மக்கா. மாமா மடியில இரி. மாமா பிடிச்சிக்கிடுகேன்."

அவள் இன்னும் உள்ளே நகர்ந்து சுவரோடு ஒட்டினாள். சுபா தரையில் படுத்துத் தலையை உள்ளே நீட்டினாள். பிள்ளை அவள் காதில் ஏதோ சொன்னது. சுபா எழுந்து உட்கார்ந்தபோது சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகம்.

"ஒன் மடி வேண்டாமாம்."

"ஏன்?"

"மாமா மடியில இருந்தா முடிய அறுப்பாவளாம். காதக் குத்துவாவளாம். இப்பம் பல்லப் பிடுங்குவாவளாம்."

நான் அந்த முயல்களையும் மீன்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பயமெல்லாம் டாக்டரைக் கண்டு என்று நினைத்திருந்தோம். மாமனைக் கூப்பிடுகிறேன் என்று அம்மா போனை எடுத்த பிறகுதான் அவள் கம்பியைப் பிடித்தாளாம். டாக்டரம்மாவே பிறகு சொன்னாள்.

என்ன தோன்றியதோ, தரையில் உட்கார்ந்தேன். "சரி. என் மடி வேண்டாம். நீ ஒன் மடியத் தா. எனக்கும் ஒரு பல்லு ஆடுது, நான் படுத்துக்கிடுகேன். டாக்டரு எனக்குப் பாக்கட்டும்."

பொய் இல்லை. கீழ்வாயில் ஒரு பல் பல மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. பாக்கு கடிக்கும்போதெல்லாம் உயிர் போகும். பார்க்கலாம் பார்க்கலாம் என்று கிடந்தது.

வெகுநேரம் கழித்து அவள் பெஞ்சுக்கு அடியில் இருந்து வந்தாள். பெஞ்சில் ஏறி உட்கார்ந்து பாவாடையை நேராக்கினாள். பாதி நரைத்த என் தலையை அந்தச் சின்ன மடியில் வைத்தேன். அவள் உடம்புச் சூடு என் பிடரியில் பட்டது. காய்ச்சல் ஏறியிருந்தது.

வலிக்குதா மாமா?

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் டார்ச்சும் கண்ணாடியுமாக வந்தாள்.

"பெரியவங்கள நான் இப்பம் பாக்கதில்ல. வாயத் தொறங்க அண்ணாச்சி. சுகர், பிரஷர் உண்டுமா?"

"சீனி கடையிலதான் டாக்டரே."

"போன மாசம் டெஸ்ட்டு எடுத்தோம், ஒண்ணுமில்ல" என்று சுபா இடையில் புகுந்தாள். என் வாயை நம்பி அவள் எதையும் விடுவதில்லை.

"இது கையோட வந்துரும். ஆனா உள்ள வரணும், இங்க வெச்சுப் பண்ண முடியாது."

நான் எழுந்து உள்ளே போய் அந்த நாற்காலியில் சாய்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. காலடிச் சத்தம் வருமா என்று மட்டும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது அந்தச் சத்தம். என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

ஊசி ஏறியது.

"வலிக்குதா மாமா?"

சுபா எனக்குக் கண்ணைக் காட்டினாள். டாக்டரம்மாவின் கையும் ஒரு நொடி நின்றது. என் நாக்கின் நுனியில் அந்த எறும்பு வந்து நின்றது. கடையில் நாளெல்லாம் வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆள் நான். அன்றைக்கு அந்த எறும்பை மட்டும் விழுங்கினேன்.

"வலிக்கு" என்றேன்.

"அண்ணா" என்று சுபா பல்லைக் கடித்தாள். "காரியத்தக் கெடுத்தியே."

ஆதிரா பின்னால் நகரவில்லை. என் வாயையே பார்த்தாள். "இப்பம்?"

"இப்பமும் வலிக்கு. கொறையுது."

"இப்பம்?"

"உதடு தடிச்ச மாதிரி இருக்கு. வலி இல்ல."

அவள் கையை நீட்டி என் கீழுதட்டைக் கிள்ளினாள். நகம் பதிகிற கிள்ளு. நான் அசையவில்லை, உண்மையிலேயே தெரியவில்லை. இன்னும் பலமாகக் கிள்ளினாள். டாக்டரம்மா இடுக்கியைப் போட்டுப் பல்லை எடுத்துத் தட்டில் போட்டபோதும் பிள்ளை என் கண்ணைத்தான் பார்த்தாள், அது சுருங்குகிறதா என்று.

பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "எனக்கும் வலிக்குமா?"

டாக்டரம்மா ஸ்டூலில் இருந்து அவள் உயரத்துக்குக் குனிந்தாள். "வலிக்கும் மக்களே. ஊசி போடும்போ வலிக்கும். ஒனக்கு வீக்கம் இருக்கதுனால மாமாவ விடக் கொஞ்சம் கூடவே வலிக்கும். மின்ன ஒரு மருந்து தடவுகேன், கொறைஞ்சு கெடைக்கும். வலிச்சா கையத் தூக்கு. நான் நிப்பாட்டுவேன்."

"நெசமாட்டா?"

"தூக்கிப் பாரு."

ஆதிரா கொஞ்சம் யோசித்தாள். பிறகு என்னிடம் சொன்னாள், "மாமா எறங்கு."

நான் இறங்கினேன். சுபா உட்காரப் போனாள். "மடி வேண்டாம்" என்றாள் பிள்ளை. தானே ஏறி, அந்தப் பெரிய நாற்காலியில் பாதிகூட நிறையாமல் சாய்ந்தாள். வாயைத் திறந்தாள்.

மருந்து தடவுவதற்கு முன்பே கை மேலே போனது. டாக்டரம்மா நிறுத்தி, கையை விலக்கிக்கொண்டாள். கை இறங்கியது. மறுபடி தொடங்கினாள். மறுபடி கை. மறுபடி நிறுத்தினாள். வலியால் அல்ல, சோதித்துப் பார்க்கிறாள் என்று எங்களுக்குப் புரிந்தது. வெளியே அடுத்த பிள்ளையின் அப்பா இருமினார். சுபா வாய்க்குள் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீங்கிய அந்தக் கண்ணில் நீர் கோத்து நின்றது.

ஊசி போட்டபோது உண்மையிலேயே வலித்தது. உடம்பு வில்லாக வளைந்தது, கை எழுந்தது. டாக்டரம்மா சொன்னபடி நிறுத்தினாள். பிள்ளை அழுதாள், வாய் திறந்து, சத்தம் விட்டு. காலையில் இருந்து அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். நாங்கள் காத்திருந்தோம். அழுது முடித்து, மூக்கை உறிஞ்சி, அவளே கையை இறக்கினாள்.

பல் வந்தது. கூடவே சீழும். அந்த நாற்றம் அறை முழுக்கப் பரவியது. எனக்கு அதைவிட நல்ல மணம் அன்றைக்கு வேறில்லை.

துண்டு போட்ட இடம்

மருந்தோடு, மறுநாள் காலையில் கண் முழுதாகத் திறந்தது. வீக்கம் வடிய இன்னும் சில நாள் பிடித்தது. பிறகு அந்த இடத்தில் ஒரு சின்னக் கம்பி போட்டார்கள். "பஸ்ஸில துண்டு போட்டு எடம் பிடிப்பியளே, அதாக்கும் இது" என்றாள் டாக்டரம்மா. "புதுப்பல்லு வாறதுக்குள்ள பக்கத்துப் பல்லு ரெண்டும் நெருங்கி அந்த எடத்தில இருந்துரப்பிடாது." விழப்போகிற பல்லுக்கு இத்தனை வேலை இருந்தது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது இரவில் சுபா பிடித்துத் தேய்த்து விடுகிறாள். நான் பொட்டலம் கொண்டுபோனால் அதில் வறுத்த கடலைதான். ஆதிரா பிரித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்று கேட்பாள்.

போன மாதம், அதற்குப் பிறகு பிறந்த அவள் தம்பிக்குக் காதுகுத்து. இந்த முறை அப்பாவுக்கு நேரத்துக்கு லீவு கிடைத்துவிட்டது. அதே சாஸ்தா கோயில், அதே ஆசாரி, அதே மடி. மொட்டை முடிந்து, சந்தனத் தலையோடு குழந்தை என் மடியில் இருந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். சுற்றி நின்றவர்கள் எறும்பை அழைத்து வந்தார்கள்.

ஆதிரா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, குனிந்து, தம்பியின் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"வலிக்கும் கேட்டியா மக்கா. எனக்கும் வலிச்சு. கொஞ்ச நேரந்தான். வலிச்சா கையத் தூக்கு."

பிறகு ஆசாரியிடம் நிமிர்ந்தாள். "அவன் கையத் தூக்கினா நீங்க நிப்பாட்டணும்."

ஒரு வயதுப் பிள்ளையின் கை எப்போது கீழே இருந்திருக்கிறது. அக்காவைக் கண்ட சந்தோஷத்தில் அவன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

ஆசாரி என்னைப் பார்த்தார். "நேரம் போகுது, குத்துங்க" என்று பின்னால் இருந்து யாரோ சொன்னார்கள். நான் ஆதிராவைப் பார்த்தேன். அவள் ஆசாரியின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கியிருக்கான்லா" என்றேன்.

ஆசாரி ஊசியைத் தட்டில் வைத்தார்.